இலைக்கொரு பெயர், பூவுக்கொரு பெயர்

வாழையை இலை கண்டதும் அறிகிறோம். தாமரையைப் பூக் கண்டதும் அறிகிறோம். முருங்கையைக் காய் கண்டதும் அறிகிறோம். ஒரு செடியை இன்னதென்று சொல்ல அதன் உறுப்புகளுள் ஒன்றைக் கண்டால் போதும் என்பது நம் அன்றாட வழக்கம். ஆனால், இலை நிற்கும்போது பூவையும், பூ நிற்கும்போது இலையையும் காட்டாத செடி ஒன்று உண்டு. ஆண்டின் ஒரு பகுதியில் அது குடை விரித்த சிறு மரம் போல நிற்கும். வேறொரு பகுதியில், மண்ணிலிருந்து தானே முளைத்த ஒரு கிண்ணம் போலத் தரையோடு தரையாகக் கிடக்கும். எஞ்சிய மாதங்களில் மண்ணுக்கு மேலே அதன் அடையாளம் ஒன்றுமே இராது. நூலோர் அதற்கு இலையால் ஒரு பெயரும் பூவால் ஒரு பெயரும் இட்டு, எந்தப் பெயர் செல்லும் என்பதைத் தெளிய 159 ஆண்டுகளை எடுத்துக்கொண்டனர். இவ்வளவு மயக்கம் தந்த செடி யாது என்று கேட்பீர்களாயின், அது நம் அடுக்களைக்குப் புதியதன்று. நாம் புளியிட்டு வேகவைத்து உண்ணும் சேனைதான் அது.

நேயர்களே, சேனையின் கதையைச் சொல்லும்முன் அதன் சுற்றத்தாரைச் சிறிது அறிமுகம் செய்துவிடுகிறேன். சேனை, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தைத் தமிழர் பண்டே அறிவர். மலைச்சாரலில் அசையும் சேம்பின் இலையை யானையின் செவியோடு ஒப்பிட்ட பாட்டு ஒன்று குறுந்தொகையில் உள்ளது. இக்குடும்பத்துச் செடிகள் வாழும் இடத்தால் பலவகைப்படும். குளத்து நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் இக்குடும்பத்ததே. மரத்தைப் பற்றி ஏறும் யானைத்திப்பிலியும் இக்குடும்பத்ததே. காட்டின் நிழலில், உதிர்ந்த இலைகளினூடே, தரையிலேயே முளைத்துத் தரையிலேயே மறைவன மூன்றாவது வகை. சேனையும் அதன் காட்டு உறவினரும் இம்மூன்றாம் வகையினர்.

இக்குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவாகிய அடையாளம் பூவில் உள்ளது. நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் ஒரு பூ அன்று. நடுவே ஒரு கதிர். அக்கதிரில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். அதனைச் சூழ்ந்து நிற்கும் ஒரு பாளை. இதுவே அமைப்பு. சேனையில் இக்கதிரின் அடிப்பகுதியில் பெண்பூக்களும், அவற்றின் மேல் ஆண்பூக்களும் அமைந்திருக்கும். உச்சியில் பூ எதுவும் இல்லாத, கரு ஊதா நிறமுடைய, சுருக்கம் விழுந்த பருத்த கொண்டை ஒன்று இருக்கும். பூத்த வேளையில் கதிர் தானே வெப்பமடையும். அழுகிய இறைச்சியின் நாற்றம் வீசும். அந்நாற்றத்தை விருந்தழைப்பாகக் கொண்டு வண்டுகளும் ஈக்களும் வந்து சேரும். பெண்பூக்கள் முதலில் பக்குவமடைகின்றன. ஆண்பூக்கள் பின்னரே மகரந்தத்தை உதிர்க்கின்றன. ஆதலால், வேறொரு செடியின் மகரந்தத்தைச் சுமந்து வரும் வண்டே இதற்கு வேண்டிய விருந்தினன். சில நாட்களில் எல்லாம் அடங்கிவிடும். கருவுற்றிருந்தால் காம்பு நீண்டு உயர்ந்து, செந்நிறக் கனிகளின் கதிரைத் தாங்கி நிற்கும்.

இலையோ முற்றிலும் வேறு கோலம். பெரும்பாலும் ஒரே ஓர் இலைதான். அதன் காம்பு ஆள் உயரத்துக்கும் எழும். பாம்பின் தோல் போலப் புள்ளியும் திட்டும் படர்ந்திருக்கும். உச்சியில் அது மூன்றாகப் பிரிந்து, மீண்டும் மீண்டும் பிளந்து, குடையாக விரியும். காண்போர் காம்பைத் தண்டு என்றும், இலையின் பிரிவுகளைக் கிளைகள் என்றும் கொள்வர். உள்வயிரம் உடையது மரம் என்றும், புறவயிரம் உடையது புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. சேனையோ அகத்தும் வயிரமில்லாதது, புறத்தும் வயிரமில்லாதது. நீரால் நிமிர்ந்து நிற்பது. நீர் வற்றினால் ஒரே வாரத்தில் சாய்ந்து மண்ணோடு மண்ணாவது.

காட்டுத் தரையில் இத்தகைய செடி ஒன்றைக் காண்போர், அஃது இன்னதென அறிய மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இலையும் பூவும் ஒருங்கே நிற்கின்றனவா என்பது முதல் வினா. மலைச்சோலைகளில் பாம்பு படமெடுத்தாற்போல் வளைந்த பாளையோடு நிற்கும் அரிசீமா என்னும் இனத்தில் இரண்டும் ஒருங்கே நிற்கும். சேனையின் இனத்தில் அவ்வாறு இரா. கதிரின் உச்சி எவ்வாறுள்ளது என்பது இரண்டாம் வினா. சேனைக்குப் பருத்த கொண்டை. அதன் நெருங்கிய உறவாகிய ஒரு காட்டுக்கருணைக்கோ நீண்டு மெலிந்த வால் போன்ற நுனி. இலை பிரியும் கணுக்களில் சிறு கிழங்குகள் உள்ளனவா என்பது மூன்றாம் வினா. வடகிழக்கு இந்தியக் காடுகளில் வாழும் ஓரினத்துக்கு அவை உண்டு; சேனைக்கு இல்லை. இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டுமாயின், ஒரே செடியை இரண்டு பருவங்களில் சென்று காணுதல் வேண்டும். ஒருமுறை கண்டு திரும்புவோர் பாதியைக் கண்டவரே ஆவர்.

பாதியைக் கண்டு முழுவதையும் கண்டதாக எண்ணியோருள் நானும் ஒருவன். அதனைச் சொல்ல நான் நாணவில்லை.

1967ஆம் ஆண்டில் நான் தாவர இயல் பயிலும் மாணவனாக இருந்தேன். குமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள மலையடிவாரத்துக்குச் சென்று செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதிவரப் பணித்திருந்தார்கள். காணிக்காரர் முதியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். ஆவணி மாத மழையில் நனைந்தபடி, ஒரு பாறையின் ஓரத்தில் நின்ற குடை போன்ற இலையை அறுத்தேன். காம்பு முழுவதும் சிறு சிறு முண்டுகள், தொட்டால் சொரசொரத்தது. “இது என்ன பெரியவரே?” என்று கேட்டேன். “சேனை, தம்பி. காட்டுச் சேனை” என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் சேனை உண்டு. அதன் காம்பு வழவழப்பானது. ஆகவே, முதியவர் எல்லாவற்றையும் சேனை என்று பொதுப்படச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். நூலைப் புரட்டி, மெலிந்த நுனியுடைய காட்டுக்கருணையின் பெயரைத் தாளில் எழுதினேன். கதிரின் நுனியை நான் கண்டேனில்லை என்பதை நினைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு சித்திரையில், கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்தபின், மீண்டும் அதே மலைக்குச் சென்றோம். பாறையை அணுகுமுன்னரே நாற்றம் எதிர்கொண்டது. சென்று பார்த்தால், தரையோடு ஒட்டி ஒரு பெரிய பாளை. நடுவே கரிய கொண்டை. மகிழ்ச்சியோடு அதற்கு வேறொரு பெயரைக் குறித்துக்கொண்டேன். முதியவர் அருகே வந்து, “போன மழைக்கு நீங்கள் அறுத்துப் போனீர்களே ஓர் இலை, அதனுடைய பூ தம்பி இது” என்றார். நான் புன்னகை செய்தேன். அப்புன்னகையின் பொருள் அவருக்கு விளங்காமல் இல்லை. கையிலிருந்த கோலால் மண்ணைத் தோண்டி, கிழங்கை எடுத்து, பூவோடு என்னிடம் நீட்டினார். “என் சொல்லை நம்ப வேண்டாம். மழைக்கு முன்னே பூ, மழைக்குப் பின்னே இலை, தாய்க்கிழங்கு ஒன்றுதான். வீட்டில் கொண்டுபோய் வையுங்கள், அதுவே சொல்லும்” என்றார்.

பூவைத் தாளுக்காக அறுத்துக்கொண்டு, கிழங்கை உடைந்த பானை ஒன்றில் மண்ணிட்டுப் புதைத்தேன். ஆடி மாதம் பிறந்ததும் மண்ணைக் கீறிக்கொண்டு ஈட்டி போன்ற முளை ஒன்று எழுந்தது. பத்து நாட்களில் குடை விரிந்தது. காம்பைத் தொட்டுப் பார்த்தேன். அதே முண்டுகள்; அதே சொரசொரப்பு. அதற்குள் என்னுடைய இரண்டு தாள்களும், இரண்டு பெயர்களோடு, இரண்டு உறைகளில், கல்லூரியின் தொகுப்பில் சேர்ந்துவிட்டிருந்தன.

என்னுடைய பிழை ஒரு மாணவனின் பிழை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சேனையின் பெயர் வரலாற்றைப் பயின்றபோதுதான், இதே பிழை கடல் கடந்த நாடுகளில் பெரிய நூல்களிலும் நிகழ்ந்துள்ளது என்பதை அறிந்தேன்.

அவ்வரலாறு கொச்சியில் தொடங்குகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் மலையாளக் கரையை ஆண்டு வந்த தளபதி ஹென்றிக் வான் ரீட் என்பவர், அந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெருநூல் செய்ய முற்பட்டார். ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’, அதாவது மலையாள நாட்டுத் தோட்டம் என்பது அந்நூலின் பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் 740க்கும் மேற்பட்ட செடிகள் விளக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் மட்டுமல்லாமல் மலையாளம், அரபி, நாகரி எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டன.

இந்நூலை ரீட் தனியே செய்யவில்லை. அவ்வாறு செய்ததாக அவரும் சொல்லவில்லை. சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் என்பார், தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஏட்டிலிருந்தும் தம் பட்டறிவிலிருந்தும் செடிகளின் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உடனிருந்து உதவினர். இவர்கள் 1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கையொப்பமிட்டுத் தந்த சான்றுரைகள், அவரவர் எழுத்திலேயே, முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. நாட்டு மருத்துவர் ஒருவருடைய பெயரும் எழுத்தும் ஐரோப்பிய நூலின் முகப்பில் இடம்பெற்றது அந்நாளில் மிக அரிய செயலாகும்.

ரீடின் முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. செடிகளை அறிந்த ஆட்களைச் சிறுசிறு குழுக்களாகக் காடுகளுக்கு அனுப்பி, இலை, பூ, காய் என அனைத்தோடும் செடிகளைக் கொண்டுவரச் செய்ததாகவும், ஓவியர்கள் அவற்றை வாடுமுன்னரே வரைந்ததாகவும் அவர் எழுதுகிறார். பருவந்தோறும் சென்று வந்தாலன்றிச் சேனை போன்ற செடியை இம்முறையில் முழுமையாக வரைய முடியாது. அவ்வாறு சென்று வந்தோர் பலர். அவர்களுடைய பெயர்கள் மட்டும் நூலில் இல்லை.

1692ஆம் ஆண்டில் வெளிவந்த 11ஆம் தொகுதியில் சேனை இடம்பெற்றது. ஒன்று ‘ஷேனா’, மற்றொன்று ‘முளென் ஷேனா’. இலத்தீன் எழுத்தில் சிதைந்து ஒலித்தாலும், இரண்டாம் பெயரில் ‘முள்’ என்னும் சொல் ஒளிந்திருப்பதைத் தமிழர் செவி உடனே உணரும். கொல்லையில் வளரும் வழவழப்பான காம்பும், காட்டில் வளரும் சொரசொரப்பான காம்பும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஆனால், இரண்டும் சேனையே என்னும் உறவு பெயரிலேயே விளங்குமாறு குறிக்கப்பட்டன. பேச்சிப்பாறை முதியவர் எனக்குச் சொன்ன ‘சேனை, காட்டுச் சேனை’ என்பதும் இதுவே அன்றோ! ரீட் அத்தொகுதியைக் காணவில்லை. 1691ஆம் ஆண்டின் இறுதியில், சூரத்தை நோக்கிக் கப்பலில் செல்கையில் அவர் உயிர் துறந்தார்.

இனி, பெயர் மயங்கிய கதைக்கு வருவோம். செடிகளுக்கு இரண்டு சொற்களாலாகிய இலத்தீன் பெயரிடும் முறையைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். அவ்வாண்டே தாவரப் பெயர்களுக்குத் தொடக்க எல்லை எனப் பிற்காலத்து அறிஞர்கள் வரையறுத்தனர். அதற்கு முற்பட்ட பெயர் எதுவும் கணக்கில் சேராது. எனவே, ரீட் அச்சிட்ட ‘ஷேனா’ அறிவியல் பெயராக நிலைக்கவில்லை. யாரேனும் ஒருவர் புதிதாகப் பெயரிட வேண்டியதாயிற்று.

இருவர் இட்டனர். முதலாமவர் ஜெர்மனி நாட்டில் வைமார் நகரை அடுத்த பெல்வெடேர் தோட்டத்தில் பணியாற்றிய டென்ஸ்டெட். இவர் மலையாளக் கரைக்கு வந்தவரல்லர். சேனையைக் காட்டில் கண்டவரும் அல்லர். ரீடின் நூலைத் தம்முன் விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் லின்னேயஸ் முறையில் பெயர் காண முயன்றார். அம்முயற்சியின் பயனாக 1818ஆம் ஆண்டு ஒரு சிறு நூலை வெளியிட்டு, அதற்குத் ‘திறவுகோல்’ என்று பெயரிட்டார். அதில் சேனையை, அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரிய டிராகாண்டியம் என்னும் இனத்தோடு சேர்த்து, ‘பயோனிஃபோலியம்’ என்று அழைத்தார். பியோனி என்பது குளிர்நாட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ஒரு செடி. அதன் இலையை ஒத்த இலையுடையது என்பது பெயரின் பொருள். டென்ஸ்டெட் தம் நாட்டுத் தோட்டத்தில் தமக்குத் தெரிந்த இலையைக் கொண்டு, தாம் காணாத நாட்டின் இலைக்குப் பெயரிட்டார்.

இரண்டாமவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இவர் சென்னைக்கு மருத்துவராக வந்து, கோதாவரிக் கரைக்கு அண்மையிலுள்ள சாமல்கோட்டையில் பல ஆண்டு வாழ்ந்து, 1793இல் கல்கத்தாத் தோட்டத்தின் தலைமையை ஏற்றவர். நாட்டு ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரைவித்து, ‘சோழமண்டலக் கரையின் செடிகள்’ என்னும் பெருநூலை மூன்று தொகுதிகளாக ஆக்கியவர். வயலில் பயிராகும் சேனையை நேரில் கண்டு எழுதியவர். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1820இல் நிறைவெய்திய மூன்றாம் தொகுதியில் சேனை ‘காம்பானுலேட்டம்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. மணி போன்ற வடிவுடையது என்பது அதன் பொருள். மணி போன்றது எது? பாளை. ராக்ஸ்பர்க் பூவைக் கண்டு பெயரிட்டார்.

இங்கேதான் நேயர்கள் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். ஒரே செடி. ஒருவர் அதன் இலையைக் கொண்டு ஒரு பெயர் இட்டார். மற்றொருவர் அதன் பூவைக் கொண்டு ஒரு பெயர் இட்டார். இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். பேச்சிப்பாறைப் பாறையோரத்தில் இலைக்கு ஒரு தாளும் பூவுக்கு ஒரு தாளும் எழுதிய மாணவனின் செயல், 150 ஆண்டுகளுக்கு முன்பே நூல் வடிவில் நிகழ்ந்து முடிந்திருக்கிறது!

இரண்டு பெயர்களுள் பூவின் பெயரே புகழ் பெற்றது. அதற்குக் காரணம் உண்டு. சேம்புக் குடும்பத்தின் இனங்களை வகுப்பது பூவின் உறுப்புகளே. கண்ணால் கண்டவரின் விளக்கமும் வண்ணப் படமும் ஒருபுறம். படத்தைக் கண்டவரின் பட்டியல் மற்றொருபுறம். அறிஞர் உலகம் எதனை மதிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1834இல் பிரெஞ்சு அறிஞர் டெகேன் சேனையை ‘அமார்போஃபாலஸ்’ என்னும் இனத்தில் வைத்துக் காட்டினார். 1893இல் வெளிவந்த ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலின் ஆறாம் தொகுதியிலும், கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலில் 1931இல் வெளிவந்த பகுதியிலும் ‘காம்பானுலேட்டஸ்’ என்பதே பெயர். நானும் அதையே படித்தேன். பின்னாளில் ஆசிரியனானபோது அதையே கற்பித்தேன். டென்ஸ்டெட்டின் திறவுகோல் எந்தப் பூட்டையும் திறவாமல் துருவேறிக் கிடந்தது.

இலையை மட்டும் நோக்கியதால் நேர்ந்த மயக்கம் டென்ஸ்டெட்டோடு முடியவில்லை. 1858இல் சென்னையில் வெளியான ஹீபர் ட்ரூரியின் ‘இந்தியாவின் பயனுள்ள செடிகள்’ என்னும் நூலில், காட்டுக்கருணை என்னும் தமிழ்ப் பெயருக்கு நேராக அமெரிக்க டிராகாண்டியத்தின் பெயரே நிற்கிறது. இம்மயக்கத்துக்கு ஏது இல்லாமல் இல்லை. அந்த அமெரிக்கச் செடியும் கிழங்கிலிருந்து ஒற்றை இலையை எழுப்பும். அதன் காம்பும் பாம்புத் தோல் போலப் புள்ளி படர்ந்தது. அதன் இலையும் மும்மூன்றாகப் பிளந்தது. இலைப் பருவத்தில் இரண்டையும் அருகருகே நிறுத்தினால் வல்லவரும் தடுமாறுவர். பூவை நோக்கினால் தடுமாற்றம் தீரும். டிராகாண்டியத்தின் கதிரில் ஒவ்வொரு சிறு பூவும் ஆண் பெண் இரண்டும் ஒருங்கமைந்தது. உச்சியில் கொண்டை இல்லை. சேனையின் இனத்திலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு.

இது சொற்போர் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. இக்குடும்பத்துச் செடிகளின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக நிறைந்துள்ளது. நாவிலும் தொண்டையிலும் அவை தைப்பதே நாம் ‘காறல்’ என்றும் ‘அரிப்பு’ என்றும் சொல்வது. கொல்லைச் சேனையில் இக்குறை தணிந்திருப்பது, நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காறல் குறைந்த கிழங்கையே விதைக்குத் தெரிந்தெடுத்து வந்ததன் பயன். காட்டுச் சேனையில் அது மிகுதி. எதனைத் தோண்டலாம், எதனை எவ்வாறு பக்குவம் செய்யலாம், எதனைத் தொடலாகாது என்பதைப் பஞ்ச காலத்தில் காட்டை நம்பி வாழ்ந்தோர் பிழையின்றி அறிந்திருக்க வேண்டும். நான் பெயரைத் தவறாக எழுதினால் தாளைத் திருத்திவிடலாம். அவர்கள் தவறினால் குழந்தையின் தொண்டை வீங்கும். ஆகவே, அவர்களுடைய அறிவு என்னுடைய அறிவினும் கடுமையான தேர்வில் தேறி வந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டென்ஸ்டெட்டின் திறவுகோலை மீண்டும் கையிலெடுத்தவர், வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த டான் நிகல்சன். முறைப்படி வெளியான பெயர்களுள் முந்தியதே செல்லும் என்பது தாவரப் பெயரியலின் அடிப்படை விதி. 1818 முந்தியதா, 1820 முந்தியதா? ஐயத்துக்கு இடமில்லை. 1977ஆம் ஆண்டில் நிகல்சன் சேனையின் சரியான பெயர் ‘அமார்போஃபாலஸ் பயோனிஃபோலியஸ்’ என்று வெளியிட்டார். 159 ஆண்டு மறைந்திருந்த இலையின் பெயர் மேலே வந்தது; பூவின் பெயர் கீழே சென்றது.

டென்ஸ்டெட் உலர்ந்த செடி எதனையும் வைத்துப் பெயரிடவில்லை. ரீடின் நூலிலுள்ள படத்தை வைத்தே பெயரிட்டார். ஆதலால், சேனையின் அறிவியல் பெயருக்கு மூலச்சான்றாக நிற்பது 1692இல் அச்சான அந்தப் படமே. இன்று உலகின் எந்த மூலையில் யார் சேனையை அப்பெயரால் அழைத்தாலும், அவர் அறிந்தோ அறியாமலோ, மலையாளக் காட்டிலிருந்து யாரோ ஒருவர் பெயர்த்து வந்த செடியையும், கொச்சியில் ஓவியர் ஒருவர் வரைந்த கோட்டையும் சுட்டுகிறார்.

ரீடின் செடிகளை மீண்டும் காட்டில் தேடிக் கண்டு உறுதிசெய்யும் பெரும்பணியைக் கோழிக்கோட்டுப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாட்பணியாக மேற்கொண்டார். அவரும் நிகல்சனும் சுரேஷும் சேர்ந்து 1988இல் ரீடின் நூலுக்கு ஒரு விளக்க நூலை வெளியிட்டனர். இலத்தீனில் பூட்டியிருந்த 12 தொகுதிகளையும் மணிலால் மொழிபெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் வெளியிட்டது. 2025ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார். 1988ஆம் ஆண்டின் விளக்க நூலைப் படித்தபோதுதான், நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்த பெயர் செல்லாப் பெயர் என்பதை உணர்ந்தேன். கொல்லையில் வளர்வதும் காட்டில் முள்ளோடு நிற்பதும் ஓரினமே என்பதையும் அறிஞர் துணிந்திருந்தனர். முதியவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரியாக நின்றது.

சான்றோர் சிலர் தமக்கு உதவியவர்களை மறக்கவில்லை. ரீட் இட்டி அச்சுதனின் சான்றுரையை அச்சிட்டார். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ராபர்ட் வைட், தம் ஓவியர்களாகிய ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயரைப் படங்களின் கீழே பொறித்தார். கோவிந்துவின் பெயரால் ஓர் இனத்துக்கே பெயரிட்டார். உலர்ந்த செடியை ஒட்டும் தாளில் சேகரித்தவர் பெயர், இடம், நாள், உயரம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. செடி இன்னதென்று முதலில் சொன்னவருக்கு இடம் இல்லை. இடம் இல்லாததால் நான் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது முழு உண்மையன்று. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெயரைத் திருத்துவதற்காக அப்பழைய தாள்களை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். இலை பழுத்த காகிதம் போலாகியிருந்தது. பாளை கறுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு தாள்களையும் ஒரே உறையில் வைத்தேன். செல்லும் பெயரை எழுதினேன். பிறகு அந்த மலையடிவாரத்துக்குச் சென்று கேட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கு வழிகாட்டிய முதியவர் என்றால் யார் என்று அங்கிருந்தோருக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னால் தெரிந்திருக்கும். சொல்ல என்னிடம் பெயர் இல்லை.

திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன். ‘இலையும் பூவும் ஒரே கிழங்கினுடையவை என்று சொன்னவர், இவ்விடத்துக் காணிக்காரர் ஒருவர். பெயரைக் கேட்கத் தவறினேன்.’ அவ்வரி இன்றும் அத்தாளில் இருக்கிறது.